சிவப்புக் கல் மோதிரம்: லேப் மாணிக்கமா, சுரங்க மாணிக்கமா?

தினமும் விரலில் கிடக்கப்போகிற மோதிரம், கல்லுக்கென்று ஒதுக்கிய காசு சில ஆயிரம்தான் என்றால் ஆய்வகத்தில் வளர்த்த மாணிக்கத்தை வாங்குங்கள். அதே விலைக்கு ‘ஒரிஜினல்’, ‘நேச்சுரல்’ என்று தட்டில் எடுத்து வைக்கிற பெரிய சிவப்புக் கல்லைத் தொட வேண்டாம். சுரங்கக் கல் மட்டமானது என்பதால் அல்ல. நல்ல சுரங்க மாணிக்கத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அது அந்த விலைக்கு வராது. அந்த விலைக்கு வருவது பெரும்பாலும் விரிசல் முழுக்கக் கண்ணாடி பாய்ச்சிய கல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். லேப் கல் என்பது போலிக் கல் அல்ல. மாணிக்கம் அலுமினியம் ஆக்சைடு. அதில் துளி குரோமியம் கலந்தால் சிவப்பு. மண்ணுக்குள் விளைந்தாலும் உலையில் விளைந்தாலும் கடினம் பத்து வரை போகும் மோஸ் அளவில் 9, அடர்த்தி 4.00, ஒளிவிலகல் எண் 1.762 முதல் 1.770 வரை. அதனால் கடையில் ஒளிவிலகல் கருவியில் வைத்து “பாருங்க சார், ரீடிங் கரெக்டா இருக்கு” என்றால் அது மாணிக்கம் என்பது மட்டும்தான் உறுதி. எங்கே விளைந்தது என்பது அல்ல. புற ஊதா டார்ச் அடித்துக் காட்டுவதும் அப்படித்தான். லேப் மாணிக்கம் கனல் போலச் சிவந்து ஒளிரும். பர்மா மாணிக்கமும் ஒளிரும். இரும்புச் சத்து கூடிய தாய்லாந்துக் கல் மங்கலாகத் தெரியும். ஒளிர்வதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கடைகளில் கிடைக்கும் லேப் மாணிக்கத்தில் பெரும்பகுதி, பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்ட் வெர்னூயி 1902-இல் வெளியிட்ட முறையில் வார்த்தது. அலுமினாத் தூளை ஆக்சிஜன்–ஹைட்ரஜன் சுடரின் வழியே தூவுவார்கள். சுமார் 2050 டிகிரி செல்சியஸில் தூள் உருகி, கீழே சுழலும் தாங்கியில் சொட்டி, சில மணி நேரத்தில் விரல் பருமனுக்கு ஒரு கட்டியாக வளரும். பழைய கைக்கடிகாரத்தின் முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருக்குமே, அந்த ஜுவல் இதுதான். இவ்வளவு சுலபமாக விளைவதால், கல்லைவிடப் பட்டை தீட்டும் கூலியே பெரிதாக இருக்கும். ஃப்ளக்ஸ் முறை வேறு: உருகிய உப்புக் கலவையில் மாதக்கணக்கில் படிகத்தை வளர்ப்பார்கள். அதன் விலை பல மடங்கு. உள்ளே தெரியும் அழுக்கும் சுரங்கக் கல்லின் அழுக்கைப் போலவே இருப்பதால் தேர்ந்தவர்களையே ஏமாற்றும். எந்த முறை என்று கேளுங்கள். ‘லேப்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு விலை உண்டு.

வெர்னூயி கல்லை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, ஒரு வெள்ளைத் தாள், கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் போதும். கிண்ணத்தைத் தாள்மேல் வைத்து, கல்லைத் தண்ணீருக்குள் போட்டு, மெதுவாகத் திருப்பிக்கொண்டே பாருங்கள். இசைத்தட்டின் பள்ளங்கள் போல வளைந்த மெல்லிய கோடுகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது சுடரில் வார்த்தது. மண்ணில் விளைந்த படிகத்தின் வளர்ச்சிக் கோடுகள் நேராக ஓடி, கோணத்தில் திரும்பும், வளையாது. நுண்ணூசிகள் 60 டிகிரிக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிப் பட்டு இழை போலத் தெரிந்தால் சுரங்கக் கல்லுக்கு நல்ல அறிகுறி. எதுவுமே தெரியாமல் பளிங்கு போல இருக்கிறது, ஐந்து காரட் வேறு, விலையும் கைக்குள் அடங்குகிறது என்றால், அது லேப் கல் என்பதற்கு அந்தச் சுத்தமே சாட்சி. கோடு தெரியவில்லை என்பதால் மட்டும் சுரங்கக் கல் என்று முடிவுகட்டக் கூடாது. இதே முறையில் வார்த்த மஞ்சள் கல்லில் இந்தக் கோட்டைப் பிடிப்பது மிகக் கடினம்.

மலிவான லேப் கல்லில் ஒரு குறை உண்டு. கல் மலிவு என்பதால் மெருகை அவசரமாகப் போடுகிறார்கள். உராய்வுச் சூட்டில் பட்டை ஓரங்களில் நகக்கீறல் போல வரிசையாகச் சிறு வெடிப்புகள் விழும். வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும். அந்தக் கல்லை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். ஒரே விலைக்கு நல்ல மெருகும் கிடைக்கும்.

இனி கண்ணாடி பாய்ச்சிய கல். 2004 வாக்கில் சந்தையில் பரவியது. நகைக்கே உதவாத, உடைந்து பால்போல வெளுத்த மாணிக்கத்தை அமிலத்தில் ஊறவைத்து அழுக்கை எடுத்து, ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி விரிசல்களுக்குள் இறக்குவார்கள். ஈயக் கண்ணாடியின் ஒளிவிலகல் மாணிக்கத்துக்கு நெருங்கி வருவதால் விரிசல் கண்ணுக்கு மறைந்துவிடும். கல் மண்ணில் விளைந்ததுதான். ‘நேச்சுரல்’ என்று சொல்வதில் பொய் இல்லை. பாதி உண்மை, அவ்வளவே. லென்ஸில் பார்த்தபடி அசைத்தால் விரிசல் ஓரத்தில் நீலமும் ஆரஞ்சும் மின்னி மறையும். தட்டையான காற்றுக் குமிழிகள் தெரியும்.

இந்தக் கல் எங்கே தோற்கும் என்றால், சமையலறையில். எலுமிச்சைச் சாறே அந்தக் கண்ணாடியை அரிக்கும். பாத்ரூம் கழுவும் திரவம் இன்னும் வேகம். முன்பு கண்ணுக்குத் தெரியாமல் இருந்த விரிசலெல்லாம் வெள்ளை வலையாக மேலெழும். பட்டறையில் கதை இன்னும் மோசம். மோதிரத்தைப் பெரிதாக்கப் பற்றவைக்கும் சூட்டில் கண்ணாடி இளகி வெளியே வழியும். பிறகு திராவகத்தில் போட்டால் மிச்சமும் போகும். பழி பத்தர்மேல் விழும். அவர் தவறு செய்யவில்லை, கல் அப்படி.

லேப் மாணிக்கத்துக்கும் சுத்தமான சுரங்க மாணிக்கத்துக்கும் சுடர் பயமில்லை என்று சொல்வார்கள். முழுக்க சரியல்ல. சூடான நகையைத் தண்ணீரில் முக்கினால் இரண்டுமே வெடிக்கும். வெங்காரம் பட்ட இடத்தில் சூடு ஏறினால் மேற்பரப்பு அரித்து மங்கும். கல்லைக் கழற்றிவிட்டுப் பற்றவைப்பதே ஒழுங்கு. கழற்றிப் பதிக்கிற கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

கெம்பு நகைக்கு லேப் கல்லே போதும், அதில் இரண்டாம் யோசனை வேண்டாம். பின்பக்கம் மூடிய கட்டில், அடியில் தகடு வைத்து, அரக்கில் உட்காரும் கல்லுக்குச் சுரங்க விலை கொடுப்பது வீண். பரிசோதிக்கவும் முடியாது, பின்பக்கம் வெளிச்சமே போகாது. அங்கே உண்மையான எதிரி தண்ணீர். அரக்கு இடுக்கில் ஈரம் இறங்கினால் தகடு கறுத்து, எந்தக் கல்லும் செத்த மாதிரி தெரியும்.

சுரங்கக் கல்லுக்குக் காசு கொடுக்கத் தகுந்த இடம் நீலம். இலங்கையின் இரத்தினபுரிப் பகுதி நீலம் இன்றும் நடுத்தர விலையில் கண்ணாடி அடைக்காமல் கிடைக்கிறது. சூடேற்றியிருப்பார்கள். ‘கெவுடா’ என்கிற பால் நிறக் கல்லை உயர் சூட்டில் வைத்து நீலமாக்குவது 1970-களிலிருந்து நடக்கிறது. அந்த நிறம் நிலையானது, வியாபாரம் ஏற்றுக்கொண்டது. ஏற்கக் கூடாதது வெளியிலிருந்து நிறத்தைச் செலுத்திய கல். டைட்டானியம் செலுத்திய நீலத்தில் நிறம் தோலளவுதான், மறுமெருகு போட்டால் வெளுக்கும். 2002-இல் அம்பலமான பெரிலியம் முறை கல்லின் ஆழம் வரை போகும். மஞ்சள் புஷ்பராகத்திலும் ஆரஞ்சுக் கல்லிலும் இது ஏராளம். லென்ஸ் இதற்கு உதவாது. ஜோசியர் ‘சூடு படாத கல்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் சூடு படவில்லை என்று எழுதிய அறிக்கை இல்லாமல் வாங்காதீர்கள். ஜெய்ப்பூரில் 1972-இல் ரத்தினப் பரிசோதனை ஆய்வகமாகத் தொடங்கி இப்போது ஐ.ஐ.ஜி.ஜே. பெயரில் இயங்கும் ஆய்வகம், அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ. போன்ற இடங்களின் அறிக்கை எண்ணை அந்தந்த இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள். கடை தானே அச்சடித்த அட்டை அறிக்கை ஆகாது.

மரகதத்தில் பெயரே பொறி. மரகதத்தைச் சுடர் முறையில் வார்க்க முடியாது. எனவே லேப் மாணிக்க விலைக்கு ‘லேப் எமரால்டு’, ‘நானோ எமரால்டு’ என்று வருவது கண்ணாடியோ வேறு பச்சைப் பொருளோ. உண்மையான லேப் மரகதம் அழுத்தக் கலத்திலோ ஃப்ளக்ஸிலோ மெதுவாக வளர்வது, விலையும் அப்படி. ‘லேப் அக்வாமரின்’ என்பது பெரும்பாலும் நீல ஸ்பினெல் என்கிற வேறு கல். சுரங்க மரகதம் வாங்கினால் அதில் எண்ணெய் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் எண்ணெய் கழன்று விரிசல் தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரும் மென் சோப்பும் போதும். நவரத்தின மோதிரத்துக்கும் இதே கவனம்: முத்தும் பவளமும் 3, 4 கடினத்தில்தான் இருக்கின்றன, தொட்டி அவற்றையும் கெடுக்கும்.

வைரத்தில் லேப் கல் அழகில் குறைவில்லை, திரும்ப விற்கும்போதுதான் குறைவு. டி பியர்ஸ் நிறுவனம் 2018-இல் காரட் 800 டாலர் என்று தொடங்கிய லைட்பாக்ஸ் என்ற லேப் வைர பிராண்டை 2025-இல் மூடுவதாக அறிவித்தது. விலை விழுந்த வேகம் அப்படி. போட்டு மகிழ வாங்கலாம். சேமிப்பு என்று சொல்லி விற்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அளவு கேட்கும்போது காரட்டைவிட மில்லிமீட்டரைக் கேளுங்கள். நன்றாக வெட்டிய 6 மி.மீ. வட்ட மாணிக்கம் ஏறக்குறைய ஒரு காரட். சுரங்கக் கல்லில் எடை போகக் கூடாது என்று அடிவயிற்றைப் பெருக்க விட்டு வெட்டுவார்கள். எடைக்குக் காசு போகும், மேலிருந்து பார்த்தால் சின்னதாகவே தெரியும். ‘ரத்தி’ என்று சொன்னால் காரட்டாக மாற்றச் சொல்லுங்கள்: ஒரு ரத்தி சுமார் 0.91 காரட்.

பில்லில் தங்க எடை, கல் எடை, கல் விலை மூன்றும் தனித்தனியாக வர வேண்டும். ஐந்து காரட் ஒரு கிராம். கல்லையும் அரக்கையும் தங்க எடையோடு சேர்த்துப் போட்டால், லேப் கல்லுக்குத் தங்க விலை கொடுத்துவிட்டு வருவீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது அதே கடை அந்த எடையைக் கழித்துக்கொள்ளும். ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. அடையாளக் குறியும் தங்கத்துக்கு மட்டுமே உத்தரவாதம். பில்லில் கல் பற்றிய இடத்தில் ‘ரூபி’ என்று மட்டும் எழுதியிருந்தால் ‘லேப்’, ‘இயற்கை, சூடேற்றியது’, ‘கண்ணாடி நிரப்பியது’ – இதில் எது என்று கையால் எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் அந்தக் கல்லை வாங்காமல் தட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.