தேய்ந்தால் மாற்ற முடிகிறதா? பழைய லேப்டாப், கீபோர்டு, கார் பற்றி ஒரு அனுபவப் பகிர்வு

நான் தினமும் பயன்படுத்துகிற மூன்று பொருள்களைப் பற்றி எழுதுகிறேன். திங்க்பேட் டி480 லேப்டாப், டி.வி.எஸ். கோல்டு கீபோர்டு, மூன்றாம் தலைமுறை வேகன் ஆர். மூன்றுமே புது மாடல் கிடையாது. வாங்கின வாரத்தில் எழுதுகிற ரிவ்யூக்கள் வேண்டிய அளவு இருக்கின்றன. சென்னை வெயிலும் தூசியும் மழையும் சில வருஷம் பட்ட பிறகு ஒரு பொருள் எப்படி உழைக்கிறது என்று யாராவது எழுதினால்தான் வாங்குபவருக்கு உதவும் என்பது என் எண்ணம்.

எதை வாங்கினாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதில் முதலில் தேயப்போவது எது, அதை நம் ஊரில் மாற்ற முடியுமா? கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ரிச்சி தெரு, கார் சாமான்களுக்கு ஜி.பி. ரோடு, பழைய உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை என்று மூன்றும் அண்ணா சாலையை ஒட்டியே அமைந்த நகரத்தில் இருந்துகொண்டு, "போர்டோடு சேர்த்துத்தான் மாற்றணும் சார்" என்ற பதிலை ஏற்க எனக்கு மனம் வருவதில்லை.

கீபோர்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். டி.வி.எஸ். கோல்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மளிகைக்கடை பில்லிங் கவுண்டரிலும் டி.டி.பி. சென்டரிலும் கேட்கிற அந்த டக் டக் சத்தம் இதனுடையதுதான். உள்ளே ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாக இருப்பவை செர்ரி நிறுவனத்தின் எம்.எக்ஸ். நீல ஸ்விட்சுகள். இப்படித் தனி ஸ்விட்ச் உள்ளதைத்தான் மெக்கானிக்கல் கீபோர்டு என்பார்கள். பல வெளிநாட்டு மெக்கானிக்கல் கீபோர்டுகளைவிட விலையும் குறைவு. விளக்கு கிடையாது, அலங்காரம் கிடையாது, பார்க்க 1990களின் பொருள் மாதிரியே இருக்கும். ஆனால் நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவருக்கு இதைவிடச் சிக்கனமான நல்ல கீபோர்டு எனக்குத் தெரிந்து இல்லை.

நான் தமிழ்99 முறையில் அடிக்கிறேன். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு என்று பிரித்திருப்பார்கள். க, ப, ம, த நான்கும் வலக்கை விரல்கள் இயல்பாகப் படிகிற நடு வரிசையிலேயே இருக்கும். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுகள் போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். இப்படி இரண்டு கையும் மாறி மாறி ஓடும்போது ஒவ்வொரு தட்டும் பதிந்ததா என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் கண்ணைத் திரையிலேயே வைத்திருக்கலாம். லேப்டாப்பின் தட்டையான விசைகளில் அந்தத் தெளிவு கிடைப்பதில்லை.

எந்த மெக்கானிக்கல் கீபோர்டும் வயதானால் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து போட ஆரம்பிக்கலாம். என்னுடையதில் அதிகம் அடிபடுகிற 'க' விசைக்கு அது வந்தது. ஸ்விட்சின் அடியில் இரண்டே இரண்டு ஈயப் பற்றுகள்தான். சால்டரிங் அயர்ன் இருந்தால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க அரை மணி நேரம் ஆகாது. இல்லாவிட்டால் மொபைல் சர்வீஸ் கடையில் செய்து கொடுப்பார்கள். குறை என்றால் சத்தம்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டில் யாராவது தூங்கினால் இதைத் தொடவே முடியாது.

லேப்டாப்புக்கு வருகிறேன். டி480 வெளிவந்தது 2018-இல். கம்பெனிகள் கழித்துவிட்ட மெஷின்கள் ரீஃபர்பிஷ்டு சந்தையில் நிறையக் கிடைக்கின்றன, என்னுடையதும் அப்படி வந்ததுதான். அடிமூடியை ஆறு திருகுகள் பிடித்திருக்கின்றன. தளர்த்தினால் மூடியிலேயே தங்கிவிடும், கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடாது. திறந்தால் இரண்டு ராம் ஸ்லாட், எஸ்.எஸ்.டி. வைக்க இடம், ஃபேன், உள் பேட்டரி எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. ராமையும் எஸ்.எஸ்.டி.யையும் ஏற்றினேன், சிப்பின் சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன், ஃபேனில் பஞ்சு மாதிரி அடைத்திருந்த தூசியைத் துடைத்தேன். அதோடு மே மாத மதியத்திலும் ஃபேன் அலறுவது நின்றுவிட்டது.

இந்த லேப்டாப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இரட்டை பேட்டரி. 24 வாட்-அவரில் ஒன்று உள்ளே இருக்கிறது, இன்னொன்று பின்பக்கம் வெளியிலிருந்து மாட்டுவது. கரன்ட் போன நேரத்தில் வெளி பேட்டரி தீர்ந்தால், லேப்டாப்பை அணைக்காமலே அதைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். அந்தச் சில நொடிகளை உள் பேட்டரி பார்த்துக்கொள்ளும். அடுத்து வந்த டி490-இல் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ராமிலும் ஒரு பகுதியைப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். மெல்லிசாக இருக்கிறது என்று விளம்பரம் செய்ய அது போதும், எட்டு வருஷம் வைத்திருக்கப்போகிறவருக்கு அது பின்னடைவு.

திரை சுமார்தான். 250 நிட்ஸ் வெளிச்சம் பால்கனியில் உட்கார்ந்து வேலை செய்யப் பத்தாது. வீடியோ கால் கேமரா 720பி. படமும் விளையாட்டும் முக்கியம் என்றால் வேறு பாருங்கள்.

தேய்மானத்தில் மென்பொருளையும் சேர்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியல் இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. டி480-இல் எட்டாம் தலைமுறை சிப் இருப்பதால் தப்பித்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னால் வந்த டி470 பெரும்பாலும் ஏழாம் தலைமுறையோடு விற்றது. ஓடக்கூடிய நல்ல மெஷின், பட்டியலில் இடமில்லை. அதை மலிவாக விற்கிறார்கள் என்று வாங்குபவர்கள் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடத் தயாராக இருக்க வேண்டும். அதில் லினக்ஸ் மின்ட் என்ற வகையைப் போட்டுக் கொடுத்தால் வீட்டில் மின்கட்டணம் கட்டவும் யூடியூப் பார்க்கவும் தாராளமாகப் போதும்.

டி480 வாங்கினால் முதல் வேலையாக தண்டர்போல்ட் எனப்படும் யு.எஸ்.பி.-சி போர்ட்டின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பித்துவிடுங்கள். அந்தக் காலத்து திங்க்பேட்களுக்கு லெனோவோவே வெளியிட்ட திருத்தம் அது. பழைய ஃபர்ம்வேரோடு ஓட்டினால் நாளடைவில் அந்தப் போர்ட் செத்துப்போக வாய்ப்புண்டு. லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகளைப் பூட்டுகிற பயாஸ் பாஸ்வேர்டு நீக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது.

சரி, கார். 2019-இல் வந்த வேகன் ஆர், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், தானாகக் கியர் மாற்றுகிற ஏ.எம்.டி. உயரமாக உட்காரலாம். முட்டி வலியுள்ள பெரியவர்கள் குனியாமல் ஏறி இறங்குவார்கள். 341 லிட்டர் டிக்கியில் ஊருக்குப் போகிற பைகள் மொத்தமும் அடங்கும். டேங்க் 32 லிட்டர்தான், அதனால் நெடுந்தூரம் போகும்போது பங்க்கில் ஒரு தடவை கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும். ஏ.சி. போட்டு நகருக்குள் லிட்டருக்கு 13, 14 கிலோமீட்டர் கொடுக்கிறது. திருச்சி ஹைவேயில் 90-க்குள் ஓட்டினால் 20-ஐத் தொடும்.

ஏ.எம்.டி.யை வழக்கமான ஆட்டோமேட்டிக்காக நினைத்து வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. கியர் மாறுகிற இடத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை லேசாகத் தூக்கினால் குலுக்கல் பாதி குறையும். மேம்பால ஏற்றத்தில் சிக்னலுக்கு நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து வைக்காதீர்கள், கிளட்ச் தேயும். பிரேக்கை மிதியுங்கள், தேவைப்பட்டால் ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

கம்ப்யூட்டர் ஆர்வலருக்குக் காரில் பெரிய விருந்து, வண்டியின் கோளாறுகளைப் படிக்க உதவுகிற ஓ.பி.டி. போர்ட். ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு பின்னோடு இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற இ.எல்.எம்.327 ப்ளூடூத் அடாப்டரை அதில் செருகினால் இன்ஜின் வெப்பம், ஆர்.பி.எம்., பேட்டரி வோல்டேஜ் எல்லாம் போனில் வந்துவிடும். ஒருமுறை இன்ஜின் விளக்கு எரிந்தது. நான் கொண்டுபோன பணிமனையில் வண்டியைத் தொடாமலே இன்ஜெக்டர் கிளீனிங், ஸ்பார்க் பிளக், சென்சார் என்று ஒரு நீள எஸ்டிமேட் கொடுத்தார்கள். அடாப்டரில் படித்தால் பி0135 என்று ஒரே ஒரு கோளாறுக் குறியீடு. முதல் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று பொருள். இன்ஜெக்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் தெரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "அண்ணே, ஹீட்டர் சர்க்யூட்னு வருது, முதல்ல கனெக்டரைப் பாருங்க" என்றேன். பிரித்துப் பார்த்தார், உள்ளே பச்சை பூத்திருந்தது. "சென்சார் நல்லாத்தான் தம்பி இருக்கு" என்று சுத்தம் செய்து மாட்டினார். விளக்கு அதன் பிறகு வரவில்லை. வண்டி தன் நோயைத் தானே சொல்கிறது, அதை உரிமையாளர் படிக்கத் தெரிந்துகொள்வது அவசியம் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிவருகிறேன். வண்டியை நிறுத்தினதும் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்தால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும்.

அந்த 12 வோல்ட் பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. நம் வெயிலில் மூன்று, நான்கு வருஷத்துக்குமேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. காலையில் செல்ஃப் இழுக்காமல் நிற்பதற்கு முன்பே இந்த எண்ணைப் பார்த்து மாற்றிவிடலாம்.

டேஷ்போர்டுத் திரைகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. வேகன் ஆரில் ஏ.சி.க்கு விசைகளும் திருகிகளும் தனியாக இருக்கின்றன. ரோட்டைப் பார்த்துக்கொண்டே விரலால் தடவிக் குளிரைக் கூட்டலாம். புது வண்டிகள் பலவற்றில் அதையும் திரைக்குள் தள்ளிவிட்டார்கள். கீபோர்டில் விரலுக்குக் கிடைக்கிற அதே தெளிவு, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இன்னும் பல மடங்கு தேவை. கார்களை மோதிச் சோதித்து நட்சத்திர மதிப்பு தருகிற, ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2026 விதிகளில் இண்டிகேட்டர், ஹசார்டு லைட், ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனி விசை வைத்தால்தான் முழு மதிப்பெண் என்று கொண்டுவந்திருக்கிறது. இங்கேயும் வரட்டும்.

பாதுகாப்பைச் சொல்லாமல் இந்த வண்டியைப் புகழ்வது நியாயமாகாது. குளோபல் என்கேப் 2023-இல் வேகன் ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் கொடுத்தது. 2025-இலிருந்து ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் வருகிறது, ஆனால் ஏர்பேக் கூடியதால் வண்டியின் உடற்கட்டு மாறிவிடாது. நகருக்குள் ஓட்ட இதை யாருக்கும் சொல்வேன். வாரம் தவறாமல் ஹைவேயில் குடும்பத்தோடு போகிறவர் வேறு வண்டி வாங்குவதுதான் சரி.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கிற ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் இறங்கத்தான் செய்யும். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்குச் சரிசெய்யப்பட்ட நான்கு சக்கர வண்டிகளில் 6-7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சர்வீஸின்போது எரிபொருள் குழாய்களின் ரப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். பங்க்கில் இ10-ஐயும் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு மக்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியதைப் பார்த்திருப்பீர்கள். அது முழுக்கச் சரியான முடிவு. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வழக்கமான இன்சூரன்ஸ் பொதுவாக அதற்குப் பணம் தராது, இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் வேண்டும். புதுப்பிக்கும்போது அது இருக்கிறதா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள்.

அடுத்து மின்சாரக் கார் வாங்கலாம் என்று சில ஷோரூம்களுக்குப் போய்வந்தேன். ஓட்டிப் பார்த்தால் ஆசை வருகிறது. ஏ.எம்.டி.யின் குலுக்கல் எதுவும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறது. எட்டு ஆண்டு, 1.6 லட்சம் கிலோமீட்டர் என்று பேட்டரிக்கு வாரண்டியும் சொல்கிறார்கள். என் லேப்டாப்பில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் பேட்டரி பிறந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று அறிக்கை வந்துவிடும். அதே அறிக்கை இந்தக் காரில் எனக்குக் கிடைக்குமா, ஒரு மாட்யூல் போனால் அதை மட்டும் மாற்றுவீர்களா, வாரண்டி முடிந்த பிறகு அதன் விலை என்ன என்று கேட்டேன். சன்ரூஃப் திறக்கிற குரல் கட்டளையைச் செய்து காட்டினார்கள். மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுத்து, மின்னஞ்சலில் பதில் அனுப்பச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வாங்கப்போகிற நீங்களும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.