கடன் பில்லை நிறுத்தும் முடிவு: விதியா, ஏஐயா?

மருந்து மொத்த வியாபாரத்தில் தினமும் வரும் கேள்வி: பழைய பாக்கி வைத்திருக்கும் மெடிக்கலுக்குப் புது ஆர்டரை அனுப்பலாமா, நிறுத்தலாமா? இந்த முடிவைக் கணினியிடம் விட எங்களுக்கு இரண்டு வழி இருந்தது. நாமே எழுதி வைக்கும் விதிகள் ஒன்று. பழைய பில்களைப் பார்த்து ஒவ்வொரு கடைக்கும் தானே மதிப்பெண் போடும் ஏஐ மாடல் இன்னொன்று. விதிகளைத்தான் எடுத்தோம்.

வேகத்தில் வித்தியாசம் இல்லை. செலவில் விதிதான் மலிவு. கணக்கு மென்பொருளான டேலியில் ஏற்கெனவே கடன் வரம்பும் கடன் நாளும் இருக்கின்றன. ஏஐயின் பலம் வேறு. செவ்வாய்க்கிழமை பணம் போடும் கடை மெல்ல வெள்ளிக்குத் தள்ளிப்போவதை, பாக்கி எகிறும் முன்பே அது கண்டுபிடித்துவிடும். விதிக்கு அது தெரியாது.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. 2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி குறைப்பை அறிவித்தார்கள். 22ஆம் தேதி முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. இடைப்பட்ட நாட்களில் கடைக்காரர்கள் சரக்கு எடுப்பதைக் குறைத்தார்கள், அப்புறம் ஒரேயடியாகக் கேட்டார்கள். சோதனைக்கு ஓடிக்கொண்டிருந்த மாடல், ஒழுங்காகப் பணம் தரும் கடைகளையே சிவப்பில் காட்டியது. பழைய பழக்கம் மட்டும்தானே அதற்குத் தெரியும்! விதியிலோ, ‘அக்டோபர் 15 வரை கடன் வரம்பு ஒன்றரை மடங்கு, 60 நாள் தாண்டிய பாக்கி இருந்தால் கிடையாது’ என்று ஒரு வரி. கணக்கு பார்க்கும் அக்காவே அன்று சாயங்காலம் சேர்த்துவிட்டார். மாடலைத் திருத்த வெளியாள் வர வேண்டும், புது நிலவரத்துக்கான தரவும் சேர வேண்டும்.

“ஏன் தம்பி, என் பில்லை நிறுத்திட்டீங்க?” என்று கடைக்காரர் கேட்டால், “அண்ணே, ஜூலை பில் ரெண்டு நிக்குது” என்று சொல்ல முடிகிறது. ‘உங்கள் மதிப்பெண் 42’ என்றால் எந்தக் கடைக்காரர் ஏற்பார்?

விதிகளும் கவனிக்காமல் விட்டால் பெருகிக்கொண்டே போகும். 1980களில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் கணினி ஆர்டர்களைச் சரிபார்க்க வைத்திருந்த எக்ஸ்கான் என்ற விதிவழி மென்பொருளில் விதிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, அவற்றைப் பராமரிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. அதனால் இப்படி இடையில் சேர்க்கும் விதிக்கெல்லாம் முடியும் தேதி போட்டுவிடுகிறோம்.

ஏஐயை ஒதுக்கிவிடவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் கையெழுத்து ஆர்டர் சீட்டுகளைப் படிப்பது அதுதான். ஒருவர் சரிபார்த்த பிறகே பில் போடுகிறோம். பல ஆயிரம் கடைகளுக்குச் சரக்கு போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம், அந்த அளவில் எனக்கு அனுபவம் இல்லை. சில நூறு கடைகள் என்றால் விதியில் தொடங்குங்கள். மாடலைப் பக்கத்தில் ஓடவிட்டு, அது சிவப்பில் காட்டும் கடைக்கு ஒரு போன் போட்டு விசாரியுங்கள்.