டாஹோ-லாஃப்ஸ்: 10 துண்டில் 3 போதும், ஆனால் அந்த ஒரு சாவி எங்கே இருக்கிறது?

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் ஒரே நாளில் கவிழ்ந்துபோனது. அவர்களுடைய அமேசான் கிளவுட் கன்ட்ரோல் பேனலுக்குள் யாரோ நுழைந்து பணம் கேட்டார்கள், நிறுவனம் கணக்கை மீட்கப் பார்த்ததும் கையில் கிடைத்ததையெல்லாம் அழித்துவிட்டுப் போனார்கள். பேக்கப் இல்லாமல் இல்லை, இருந்தது. என்ன, பெரும்பகுதி அதே கன்ட்ரோல் பேனலுக்குள்ளேயே இருந்தது. டாஹோ-லாஃப்ஸ் மாதிரி ஒரு மென்பொருளை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: உள்ளே நுழைந்துவிட்ட ஒருவனால் எவ்வளவு அழிக்க முடியும்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது ஃபைல்களைத் துண்டு துண்டாகப் பல சர்வர்களில் பிரித்துச் சேமிக்கும் இலவச ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், பைத்தானில் எழுதியது. ஜூக்கோ வில்காக்ஸும் பிரையன் வார்னரும் 2008-இல் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள், இன்றைக்கும் படிக்கலாம், நன்றாகவே இருக்கும். ஃபைல் உங்கள் கணினியிலேயே என்கிரிப்ட் ஆகிவிடும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாறிவிடும். அப்புறம் ரீட்-சாலமன் என்ற, சில துண்டுகள் தொலைந்தாலும் மீதியிலிருந்து முழுதையும் மீட்க உதவும் கணக்குப்படி 10 துண்டுகளாகி வெவ்வேறு சர்வர்களுக்குப் போகும். அதில் எந்த 3 கிடைத்தாலும் முழு ஃபைலும் திரும்பி வந்துவிடும். சர்வர் வைத்திருப்பவர் யோக்கியரா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை, அவர் கண்ணுக்குத் தெரிவது குப்பை மாதிரியான பைட்டுகள்தான். துண்டில் அவர் கைவைத்தால் ஹாஷ் (தரவின் கைரேகை மாதிரியான எண்) பொருந்தாது, மென்பொருள் அதை ஒதுக்கிவிட்டு வேறு துண்டைத் தேடும்.

3-க்கு 10 என்றால் 10 ஜிபி வைக்க மொத்தம் 33 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். அதிகம்தான், ஆனால் அதற்குக் கிடைப்பதைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வரும் போய்விட 10 சதவீத வாய்ப்பு, ஒன்று போவதற்கும் இன்னொன்று போவதற்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், 8 அல்லது அதற்கு மேல் ஒரே சமயத்தில் போக வாய்ப்பு 1 கோடியில் 4-க்கும் குறைவு. இரண்டே பிரதி வைத்தால் அதே கணக்கில் 100-இல் 1.

ஆனால் அந்த 'தொடர்பே இல்லை' என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 2021 மார்ச்சில் ஓவிஎச் நிறுவனத்தின் ஸ்ட்ராஸ்பர்க் டேட்டா சென்டரில் தீப்பிடித்து ஒரு கட்டடமே போனது. 10 துண்டும் அதற்குள் இருந்திருந்தால் மேலே சொன்ன கணக்குக்கு அர்த்தமே கிடையாது. தாக்குதல் என்று வந்தால் இன்னும் மோசம். 2017-இல் நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, உலகம் முழுக்க ஒன்றையொன்று பிரதி எடுத்துக்கொண்டிருந்த அவர்களுடைய டொமைன் கன்ட்ரோலர்கள் (நிறுவனத்தில் யார் எதில் நுழையலாம் என்று தீர்மானிக்கும் சர்வர்கள்) மொத்தமாகக் காலி. தப்பியது கானாவில் இருந்த ஒன்றே ஒன்று, அதுவும் அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லாததால்! ஊர் ஊராகப் பரப்பி வைத்திருந்தும், எல்லாம் ஒரே நிர்வாக அதிகாரத்தின் கீழ் இருந்ததால் ஒரே அடியில் போனது. ஆகவே டாஹோ சர்வர்களை 10 இடங்களில் போட்டுவிட்டு, அந்த 10-க்கும் ஒரே எஸ்எஸ்எச் சாவியை (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவுவது) ஒரே லேப்டாப்பில் வைத்திருப்பவர் செய்திருப்பது வீண் வேலை. வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நிறுவனங்கள், முடிந்தால் வேறு வேறு இயங்குதளம், இப்படிப் பிரிந்திருந்தால்தான் 10 என்பது உண்மையிலேயே 10.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மாறாத வகை ஃபைல்களை, அதாவது ஒருமுறை ஏற்றியபின் திருத்த முடியாதவற்றை, அழிக்க உங்கள் கணினிப் பக்கம் கட்டளையே கிடையாது. யோசித்துப் பாருங்கள், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) உங்கள் கணினியை முழுவதும் பிடித்துவிட்டாலும், ஏற்கனவே சர்வருக்குப் போன துண்டுகளை அங்கிருந்து நீக்கச் சொல்ல அதற்கு வழியில்லை. அதிகபட்சம் ஃபோல்டரிலிருந்து இணைப்பை எடுத்துவிடலாம், துண்டுகள் அப்படியே கிடக்கும். டாஹோ பேக்கப் கட்டளை ஒவ்வொரு முறையும் தேதி போட்ட மாறாத நகல் ஒன்றை உருவாக்குகிறது. அந்த நகலின் வாசிப்புச் சாவியை (அதைப் படிக்க உதவும் எழுத்துச் சரம்) வேறொரு கணினியிலோ காகிதத்திலோ எழுதி வைத்திருந்தால், ஃபோல்டரை யார் சிதைத்தாலும் நேராக அந்த நகலுக்குப் போய்விடலாம். துண்டுகளுக்குக் காலாவதி வைக்கும் வசதி உண்டு, ஆனால் சர்வர் நடத்துபவர் அதை இயக்கி வைத்தால்தான் வேலை செய்யும். அப்படி இயக்கியிருந்தால் லீசை (துண்டை இன்னும் வைத்திருக்கச் சொல்லும் குறிப்பு) அவ்வப்போது புதுப்பிக்க மறக்கக்கூடாது.

சரி, குறைக்கு வருவோம். இங்கே பயனர் பெயரும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. நீளமான ஒரு எழுத்துச் சரம், அதுதான் சாவி, அதுதான் அனுமதி, எல்லாமே. எழுதும் சாவியிலிருந்து வாசிப்புச் சாவியையும், அதிலிருந்து துண்டுகள் நலமா என்று பார்க்க மட்டும் உதவும் சரிபார்ப்புச் சாவியையும் எடுக்கலாம், தலைகீழாக முடியாது. அழகான வடிவமைப்பு. ஆனால் நீங்கள் பெயர் கொடுத்து வைக்கும் மூலச் சாவி எங்கே போய் உட்கார்கிறது தெரியுமா? உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஏலியாசஸ் என்ற ஃபைலில், வெறும் எழுத்தாக. பூட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டுச் சாவியைக் கால்மிதியடிக்குக் கீழே வைத்த கதைதான். குறிவைத்துத் தாக்க வருபவன் 8 சர்வர்களை உடைத்துக்கொண்டிருக்க மாட்டான், இந்த ஒரு ஃபைலைப் படித்துவிட்டுப் போவான். அதன் பிறகு அந்தச் சாவி எட்டும் எல்லாவற்றையும் அவனால் படிக்க முடியும், கொடுத்த சாவியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. புதுச் சாவியோடு எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுவதுதான் ஒரே மாற்று. வெப் வழியாகத் திறந்தால் சாவி முகவரியிலேயே இருப்பதால் பிரவுசர் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. சாவி தொலைந்தாலோ தரவும் போயிற்று, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்ற பட்டன் எல்லாம் இங்கே எதிர்பார்க்காதீர்கள். மூலச் சாவியை ஷமீர் முறையில் (குறிப்பிட்ட எண்ணிக்கைப் பங்குகள் சேர்ந்தால்தான் சாவி கிடைக்கும்) பங்கு பிரித்து நம்பகமான சிலரிடம் கொடுத்து வைப்பது நல்லது, ஆனால் அதை நீங்களேதான் தனியாகச் செய்ய வேண்டும்.

வேகம் சுமார்தான். துண்டு போடும் வேலை உங்கள் கணினியில் நடப்பதால் மூன்று மடங்குக்கு மேல் அப்லோடு ஆகும். ஹெல்ப்பர் என்று ஒரு வசதி இருக்கிறது, என்கிரிப்ட் ஆனதை அதற்கு ஒருமுறை அனுப்பினால் பிரித்து அனுப்புவதை அது பார்த்துக்கொள்ளும். மற்றபடி கமாண்டு லைன் பிடிக்காதவர்களுக்கு இது ஒத்துவராது.

இதெல்லாம் வேண்டாம், காசு கொடுத்து நிம்மதியாக இருக்கிறேன் என்பவர்களுக்கு ஸ்டோர்ஜ் என்ற சேமிப்புச் சேவை இருக்கிறது. அங்கேயும் ஃபைல் பல துண்டுகளாகும், அதில் ஒரு பகுதி போதும். ஆனால் எந்தத் துண்டு எங்கே என்ற விவரம் சாட்டிலைட் என்ற நடுச் சர்வரிடம் இருக்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஃபைல்களைப் பல கணினிகள் வழியே பகிரும் ஐபிஎஃப்எஸ்ஸை இந்த வேலைக்குப் பரிந்துரைப்பவர்களை மட்டும் நம்பாதீர்கள், அது தானாக எதையும் என்கிரிப்ட் செய்யாது, உங்கள் ஃபைலை யாராவது வைத்திருப்பார்கள் என்ற உறுதியும் தராது.

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து டாஹோ போட்டுப் பார்க்க நினைத்தால் ஒரு செட்டிங்கை முதலிலேயே மாற்றிவிடுங்கள். குறைந்தது 7 சர்வரிலாவது துண்டு போய்ச் சேராவிட்டால் அப்லோடே ஆகாது என்பதுதான் அதன் இயல்பு நிலை. 5 பேர் என்றால் ஃபைலை மீட்க 2 தேவை, அப்லோடுக்கு 4 கட்டாயம், 5 மொத்தம் என்று வைக்கலாம். இன்னார் இவ்வளவு இடம் என்று அளந்து கொடுக்கும் கணக்கு முறை இதில் இல்லை, அதனால் ஒவ்வொருவரும் தன் சர்வரில் இவ்வளவு இடத்தைத் தொடாதே என்று ஒதுக்கி வைத்துவிடுவது நல்லது.