பூனைக்குச் சீனி வியாதி: மாத்திரையா, ஊசியா, சாப்பாட்டை மாற்றினால் போதுமா?

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை பத்தமடைப் பாயின் மேல் நடந்து வந்தபோது, அதன் பின்னங்கால்களின் குதி பாயில் அழுந்தப் பதிந்ததைப் பார்த்துத்தான் ஏதோ கோளாறு என்று எங்களுக்கு உறைத்தது. பூனை விரல்களை ஊன்றி நடக்கிற பிராணி. அது குதியை ஊன்றினால், நெடுநாளாகக் கூடிக் கிடக்கும் சர்க்கரை கால் நரம்புகளைத் தளர்த்திவிட்டிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு முன்பே தண்ணீர்ச் சட்டி ஒரே நாளில் இரண்டு முறை காலியாகிக்கொண்டிருந்தது. வாரிவாரித் தின்றும் முதுகெலும்பு தெரிந்தது. பாளையங்கோட்டை வெயிலின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். ஒன்பது வயது, கருத்தடை செய்த ஆண், வாசற்படி தாண்டாமல், நோய்க்கு முன்பு கனத்திருந்த உடம்பு என்று இந்நோய்க்குரிய இலக்கணம் முழுவதும் அதனிடம் இருந்தது.

நோயை உறுதி செய்வதிலேயே ஒரு தெரிவு இருக்கிறது. கூடையில் அடைத்து ஆட்டோவில் கொண்டுபோகும் பூனைக்கு அச்சத்தினாலேயே இரத்தச் சர்க்கரை ஏறிவிடும் என்பதால், அங்கே எடுக்கும் ஒற்றை அளவை மட்டும் நம்பி முடிவு கட்டக்கூடாது. முந்தைய ஒன்றிரண்டு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனையும், சிறுநீரில் சர்க்கரையும், உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் கீட்டோனும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் அதைவிடத் தெளிவு தரும். நெல்லைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, இராமையன்பட்டியில் 2012 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவில் இருக்கிறது.

மாத்திரை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. (பூனையின் வாயைத் திறந்து மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் ஊசி எவ்வளவு எளிது என்று தெரியும்.) பழைய மாத்திரையான கிளிபிசைடு, கணையத்தில் மிஞ்சியிருக்கும் செல்களை உசுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பது, சிறுபான்மைப் பூனைகளுக்கே அது பலிக்கிறது, வாந்தியையும் ஈரல் கோளாறையும் உண்டாக்கவும் கூடும். புதியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை: அமெரிக்காவில் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரையும், 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோசின் என்ற திரவ மருந்தும் பூனைகளுக்கென ஒப்புதல் பெற்றன. நாளுக்கு ஒரு வேளை போதும் என்பது பெரிய வசதிதான். ஆனால் அவை இதுவரை இன்சுலின் போடாத, மற்றபடி திடமாக இருக்கிற பூனைகளுக்கு மட்டுமே உரியவை. அதைவிட முக்கியமாக, இரத்தத்தில் சர்க்கரை சாதாரண அளவில் இருக்கும்போதே கீட்டோன் நஞ்சு ஏறிவிடும் ஆபத்து அவற்றில் உண்டு. குளுக்கோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும், பூனை சாப்பாட்டை வெறுத்துச் சுருண்டு கிடக்கும். மனிதர்களுக்கான இதே வகை மாத்திரையை வாங்கி உடைத்துக் கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிட வேண்டும். எங்கள் பூனை மிக இளைத்துவிட்டிருந்ததால் இந்த வழி அடைபட்டது.

ஆக இன்சுலின் என்று முடிவாயிற்று; அடுத்து, எந்த இன்சுலின் என்ற கேள்வி. அம்மாவும் பல வருடங்களாக ஊசி போட்டுக்கொள்பவர். "எனக்குப் போடுததுலயே அதுக்கும் ஒரு சொட்டு போட்டா ஆகாதா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை, அது விலை குறைவு, தெருமுனை மெடிக்கல் அண்ணாச்சியிடம் எப்போதும் கிடைக்கும். ஆனால் அம்மா போட்டுக்கொள்ளும் 30/70 கலவையோ, என்.பி.எச். என்ற வகையோ பல பூனைகளின் உடம்பில் பன்னிரண்டு மணி நேரம் தாங்குவதில்லை. சட்டென்று இறக்கிவிட்டு, அடுத்த ஊசிக்கு முன்பே சர்க்கரையை மீண்டும் ஏறவிட்டுவிடும். நாய்களுக்கும் பூனைகளுக்குமென வரும் பன்றி இன்சுலின் இதைவிட மேல் என்றாலும், பூனையில் அதுவும் நேரம் போதாமல் தீர்ந்துவிடுவதுண்டு. கிளார்ஜின் என்ற நீடித்து வேலை செய்யும் இன்சுலின் வேறு வகையானது: புட்டியில் அமிலத்தன்மையோடு தெளிவாக இருக்கும் அது, தோலடியில் சேர்ந்ததும் நுண்படிகமாக உறைந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அதனாலேயே அதை நீர்க்கச் செய்யவும் கூடாது, வேறு இன்சுலினோடு கலக்கவும் கூடாது. விலை கூடுதல்தான், ஆனால் 3 மில்லி குப்பியில் 300 யூனிட் இருக்கிறது, எங்கள் பூனைக்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஒரு யூனிட்தான் என்பதைக் கணக்கிட்டால் அந்தக் குறை பெரிதாகத் தோன்றாது. நீடித்துச் சீராக வேலை செய்வதையே பெரிதாகக் கருதி, மருத்துவரும் நாங்களும் கிளார்ஜினைத் தேர்ந்தோம்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் காட்டிய கவனத்தை ஊசிக்குழலில் நான் காட்டவில்லை. நம் ஊரில் இருவகைக் குழல்கள் பழக்கத்தில் உள்ளன: மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. அம்மாவின் மருந்து 40, பூனையின் மருந்து 100. இரண்டும் ஒரே குளிர்பெட்டியில். சிவப்பு மூடிக் குழலில் ஒரு கோடு என்பது மில்லியில் நாற்பதில் ஒரு பங்கு, ஆரஞ்சில் நூறில் ஒரு பங்கு. ஆகவே 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் ஒரு கோடு இழுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை யூனிட். கரண்ட் போயிருந்த ஒரு சாயங்காலம், அலைபேசி வெளிச்சத்தில் நான் செய்தது அதைத்தான். இரவு பதினொரு மணிக்குக் கடுவன் குடித்தவனைப்போலத் தள்ளாடியது. காதோரத்தில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி 46. அம்மா கருப்பட்டிப் பாகைத் தேடி ஓடினார். கருப்பட்டியும் ஆபத்துக்கு உதவும்தான். ஆனால் அதிலுள்ள சர்க்கரை குடலில் உடைபட்ட பிறகே இரத்தத்தில் சேரும் என்பதால், குளுக்கோஸ் பொடி அதைவிட விரைவு. பொடியைக் கொஞ்சம் நீரில் குழைத்து ஈறில் தடவிவிட்டு, மருத்துவரை அலைபேசியில் அழைத்து, பூனை விழுங்கும் நிலைக்கு வந்ததும் உணவு கொடுத்து, கால் மணிக்கொரு முறை அளந்துகொண்டு இரண்டரை மணி வரை விழித்திருந்தோம். வலிப்பு வந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக்கூடாது. உடனே தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்.

அந்த இரவுக்குப் பிறகு, எந்த மருந்து என்பதைவிட எப்படி அளப்பது என்பதே பெரிய தெரிவு என்று நான் கருதுகிறேன். மருத்துவமனையில் ஒரு பகல் முழுக்க வைத்து அளப்பதில் பயத்தால் ஏறும் சர்க்கரையும் சேர்ந்துவிடும். தோலில் ஒட்டும் லிப்ரே போன்ற உணரி பதினான்கு நாள் வரை இரவு பகலாக எண்களைத் தரும், தூக்கத்தில் சர்க்கரை இறங்குவதையும் காட்டும். ஆனால் விலா ஓரத்தில் முடியை மழித்து ஒட்டினாலும் பூனை உதறிவிட்டுப் போவதுண்டு, அப்போது பணம் போனதுதான். காது விளிம்பில் குத்தி ஒரு துளி இரத்தம் எடுப்பது முதல் வாரம் இருவருக்கும் தண்டனை. காதை வெதுவெதுப்பான துணியால் ஒற்றியெடுத்துவிட்டுக் குத்தினால் துளி தானே வரும். மனிதர்களுக்கான மீட்டர் பூனையின் இரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்: பூனையின் இரத்தச் சர்க்கரையில் சுமார் 93 சதவீதம் பிளாஸ்மாவில் இருக்கிறது, மனிதரில் 58 சதவீதமே. விலங்குகளுக்கான ஆல்ஃபாட்ராக் மீட்டர் இதைச் சரிக்கட்டுகிறது. அதற்கான பட்டைகள் விலை கூடியவை. அம்மாவின் மீட்டரையே நாங்கள் தொடர்ந்து பயன்படுத்துகிறோம், அதை மருத்துவரிடமும் சொல்லியிருக்கிறோம். ஒரே கருவியால் அளந்து ஏற்ற இறக்கத்தைப் பார்ப்பதே வீட்டில் தினசரி அளப்பதற்குப் போதுமானது என்பது என் கருத்து.

உணவில் போட்டி உலர் தீனிக்கும் ஈர உணவுக்கும் இடையே. இதில் நான் நடுநிலை வகிக்கப் போவதில்லை. உலர் தீனியில் மாவுச்சத்து மிகுதி, சோறும் பாலும் அதைவிட மோசம், ஊன் மட்டுமே தின்னப் பிறந்த பிராணிக்கு ஈர உணவே பொருத்தம். "மீன் சோறு இல்லாட்டா அது எப்படிம்மா திங்கும்?" என்று பக்கத்து வீட்டு மதினி இன்றும் அங்கலாய்க்கிறார். வேகவைத்த சாளையும் கோழியும் கொடுக்கலாம். பச்சைச் சாளை கூடாது, அதிலுள்ள நொதி தயமின் என்ற உயிர்ச்சத்தைச் சிதைத்துவிடும். வெறும் கோழிச்சதையில் சுண்ணாம்புச்சத்தும் போதாது என்பதால், அவற்றை முழு உணவாக்காமல் பொட்டல ஈர உணவோடு சேர்த்தே கொடுக்கிறோம். மருத்துவரிடம் சொல்லாமல் ஒரே நாளில் உணவை மாற்றினால், பழைய அளவு இன்சுலினே அளவுமீறிய இன்சுலின் ஆகிவிடும். உணவு மாற்றம் மட்டும் போதுமா என்றால், கால் மடங்கிய நிலைக்கு வந்த பூனைக்குப் போதாது. ஆனால் தொடக்கத்திலேயே இன்சுலினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் சேர்ந்து கிடைக்கும் பூனைகளில் சில, மாதங்கள் கழித்து ஊசியே வேண்டாத நிலைக்கு மீள்வதுண்டு. மனிதருக்கு வாய்ப்பதைவிடப் பூனைக்கு அந்த வாய்ப்பு கூடுதல்.

எங்கள் கடுவன் இப்போது காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் அரை யூனிட்டில் இருக்கிறது. ஆனித் தேரோட்டத்தன்று டவுனில் கூட்டத்தில் மாட்டிக்கொள்வேன் என்று, அன்றைக்கு மட்டும் ஊசி போடும் பொறுப்பை மதினியின் மகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஆரஞ்சு மூடிக் குழல்களைப் பூனையின் மருந்தோடு சேர்த்துத் தனி எவர்சில்வர் டப்பாவில் வைத்து, சிவப்பு மூடிகளை அம்மாவின் அறை அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.