முன்னோட்ட இதழ்: கடைமடையிலிருந்து ஒரு மதிப்பீடு

திருவாரூர்ப் பக்கத்து இளைஞர்கள் சிலர் கல்லூரி வயதினருக்காகத் தொடங்கவிருக்கும் சுற்றுச்சூழல் நடப்புச் செய்தி இதழின் முன்னோட்டப் பிரதியையும் அதன் இணையதளத்தையும் ஒரு வாரம் நிதானமாகப் படித்தேன். முகப்புக் கட்டுரையே இதழின் தகுதியைச் சொல்லிவிடுகிறது: ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுவது வழக்கம் என்ற தெரிந்த செய்தியோடு நில்லாமல், கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) காவிரி நீர், மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் மாதவாரியாக எப்படிக் கணக்கிடப்படுகிறது, கல்லணையைத் தாண்டிப் பாசனத்தின் கடைக்கோடியான கடைமடைக்கு வரும்போது வாய்க்கால் ஏன் மெலிந்துவிடுகிறது என்பவற்றை 18 வயதுப் பிள்ளைக்கும் புரியும்படி விளக்கியிருக்கிறார்கள். ஆகாயத்தாமரை அடைத்த மதகு ஒன்றின் படம், துருப்பிடித்த ஷட்டரின் திருகுத்தண்டு வரை தெளிவாகத் தெரிய, முழுப்பக்கத்தில் வந்திருக்கிறது. எங்கள் ஊர் வாய்க்கால் நினைவுக்கு வந்து, சற்று நேரம் அடுத்த பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

காவிரிப் படுகையில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்கள் போன்றவற்றைத் தடுக்கும் 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பற்றிய பக்கமும் நன்று. ஏற்கெனவே நடந்துவரும் திட்டங்களை அச்சட்டம் தொடவில்லை என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இரண்டே பத்திகளில் முடிந்துபோனது பெருங்குறை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த கரையில் அக்காட்டின் கதை முதலில் படிக்கவேண்டியதல்லவா? இணையதள வரைபடங்கள் கைப்பேசியில் திறக்க நெடுநேரம் ஆகின்றன. கிராமத்து மாணவர்கள் கைப்பேசியில்தான் படிப்பார்கள் என்பதால் இதை உடனே சரிசெய்ய வேண்டும்.

அச்சும் தாளும் நன்றாக உள்ளன. குறுவை அறுவடைக்குள் முதல் இதழ் வரும் என்கிறார்கள். ஆண்டுச் சந்தாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.