டெல்டோரா குவெஸ்ட்: மூன்று வாசிப்புகளுக்குப் பிறகு

எமிலி ரோடா எழுதிய 'டெல்டோரா குவெஸ்ட்' வரிசையின் முதல் எட்டு நூல்களும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக என்னிடம் இருக்கின்றன. பதினொரு வயதில் ஒரு முறை, கல்லூரி நாள்களில் ஒரு முறை, அண்மையில் என் மகளுடன் ஒரு முறை என மூன்று தடவை அவற்றை முழுமையாக வாசித்திருக்கிறேன். ஒரே கதை மூன்று வயதில் மூன்று விதமாகப் பிடித்துப்போனது எப்படி என்பதையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் வெளிவரத் தொடங்கிய இத்தொடரின் கதைச் சட்டகம் மிக எளியது. டெல்டோரா நாட்டைக் காத்துவந்த மாயக் கச்சையிலிருந்து ஏழு கற்கள் பிடுங்கப்பட்டு, ஏழு கொடிய இடங்களில் ஒளித்து வைக்கப்படுகின்றன. பதினாறு வயது லீஃப், முன்னாள் அரண்மனைக் காவலன் பார்டா, காட்டில் தனியே வளர்ந்த ஜாஸ்மின் ஆகிய மூவரும் அவற்றை மீட்கப் புறப்படுகிறார்கள். ஒரு நூலுக்கு ஒரு கல், எட்டாவது நூலில் முடிவு. மார்க் மெக்பிரைட் வரைந்த அட்டைப்பட மிருகங்கள் இரவில் விளக்கணைத்த பிறகும் என் கண்ணைவிட்டு அகலாதவை என்பதால், புத்தகத்தைக் குப்புற வைத்துவிட்டே தூங்குவேன்.

அந்த வயதில் என்னைக் கட்டிப்போட்டவை புதிர்கள்தான். இரண்டாம் நூலில் பாலத்தைக் காக்கும் அரக்கன், சூனியக்காரி ஒருத்தி தன் பதின்மூன்று பிள்ளைகளோடு வாழும் குகையில் மொத்தம் எத்தனை உயிர்கள் என்று கேட்பான். பிள்ளைகள், அவர்கள் கையில் தேரைகள், தேரைகள் மேல் புழுக்கள் என்று அது பெருகிக்கொண்டே போகும். நான் நோட்டின் பின்பக்கத்தில் பெருக்கிக் கூட்டி, சரியாகத்தான் போட்டிருக்கிறேன் என்ற மிதப்பில் பக்கத்தைப் புரட்டினால், லீஃபும் நானும் சேர்ந்தே தோற்றிருந்தோம். கணக்கில் பிழையில்லை, ஓர் உயிரை எண்ணாமல் விட்டிருந்தோம். அதன்பின் அரக்கன் சொல்வான்: நீ ஒன்றைச் சொல், அது உண்மையானால் கழுத்தை நெரிப்பேன், பொய்யானால் தலையை வெட்டுவேன். "என் தலையை வெட்டுவாய்" என்று லீஃப் பதில் சொன்ன இடத்தில், அது ஏன் அரக்கனின் கையைக் கட்டிப்போட்டது என்று புரிவதற்குள் எனக்கு ஒரு மாலைப்பொழுது கழிந்துவிட்டது. விடை தெரிந்தபின் புதிர்களுக்கு உயிரில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வாசிப்பில் அவற்றை நான் தாண்டித் தாண்டித்தான் போனேன்.

ஆனால் சிறுவயதில் சலிப்போடு புரட்டிய முதல் நூலின் முற்பகுதி, வளர்ந்தபின் வாசித்தபோது தொடரிலேயே மிகச் செறிவான பகுதியாகத் தெரிந்தது. கச்சையை உருவாக்கிய ஆடின் என்னும் கொல்லர், பகைவனின் நினைவு நெடியது என்று அறிந்து அதை இடுப்பிலிருந்து அகற்றாமல் வாழ்ந்தவர். பின்வந்த அரசர்கள், அருகிருந்த ஆலோசகர்கள் இதமாக எடுத்துச் சொல்லச் சொல்ல, அதை முதலில் விசேஷ நாள்களில் மட்டும் அணிந்தார்கள். பிறகு முடிசூட்டு நாளில் மட்டும் அணிந்தார்கள். அரண்மனை மதிலைத் தாண்டாத அரசனுக்கு மக்கள் படும் பாடு தெரியவே தெரியாது. அந்தக் கோட்டை வாளால் விழவில்லை. சம்பிரதாயமே அதைத் தின்றது. குழந்தைகளுக்கான நூலில் இதை இவ்வளவு நிதானமாகச் சொல்லத் துணிந்த எழுத்தாளர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

குறைகளும் உண்டு. நடு நூல்களில் பயணம், பொறி, காவல் மிருகம், கல் என்ற அடுக்கு மாறாமல் வருவதால், அடுத்தடுத்து வாசித்தால் அலுப்புத் தட்டும். வாரத்துக்கு ஒன்றாக வாசிப்பது நல்லது. எட்டையும் ஒன்றாகக் கட்டிய பதிப்பை ஆசைப்பட்டு வாங்கினேன். அதைப் படுத்துக்கொண்டு வாசிக்க முடியாததால் பழைய ஒல்லி நூல்களுக்கே திரும்பிவிட்டேன். மேலும், ஏழு கற்களின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துகளைச் சேர்த்தால் நாட்டின் பெயரே வந்துவிடும். மரகதம், மாணிக்கம், வைரம் என்று தமிழில் சொன்னால் அந்த நயம் கரைந்துவிடுகிறது. மகளுக்குத் தமிழில் கதை சொல்லிவந்த நான் அங்கே மட்டும் புத்தகத்தையே அவள் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

தொடர்ச்சியாக வந்த மூன்று நூல்களையும், டிராகன்களை மையமாகக் கொண்ட பிந்தைய நான்கையும் சேர்த்தால் மொத்தம் பதினைந்து. அவற்றில் கடைசி நான்கும், நிலமே நஞ்சேறி விளைச்சல் பொய்க்கும் கதை என்பதால், பெரியவர்களுக்கு இன்னும் பிடிக்கும் என்பது என் கணிப்பு.

பாலத்துப் புதிரை மகளிடம் சென்ற மாதம் வாசித்துக் காட்டினேன். விரல்விட்டு எண்ணினாள், காகிதம் கேட்டாள், கூட்டினாள், ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் விட்ட அதே உயிரை அவளும் விட்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினேன்.