புதுக் கணக்குப் படிவத்தோடு மூடல் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்

கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் மோட்டார் காயில் கட்டும் சிறிய பட்டறை ஒன்றையும் அதையொட்டி உதிரிபாகக் கடை ஒன்றையும் நடத்தி வருகிறேன். 2024 பிப்ரவரியில் எங்கள் நடப்புக் கணக்கை ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்கு மாற்றினோம். அந்த மாற்றத்தால் பதினொரு ஆண்டுகளாக எனக்குக் கடனுக்குச் சரக்கு கொடுத்து வந்தவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒருநாளும் தவறாத கடன் தவணை தவறியது. வாடிக்கையாளர்கள் அனுப்பிய பணம் திரும்பிப் போனது. இத்தனைக்கும் அந்த நாட்களில் என் கையில் பணம் இல்லாமல் இல்லை. பழைய கணக்கிலிருந்த மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொகை அப்படியே புதிய கணக்கில் இருந்தது. நடப்புக் கணக்கை மாற்றும் எண்ணத்தில் இருக்கும் சிறு வியாபாரிகள் எனக்கு நேர்ந்ததை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். வங்கிகளின் பெயரைக் குறிப்பிடவில்லை. எந்த வங்கியில் இருப்பவருக்கும் இது நேரக்கூடியது.

பழைய வங்கியில் எனக்குப் பதினேழு ஆண்டுக் கணக்கு இருந்தது. அங்கே கூட்டம் அதிகம். காசோலைப் புத்தகம் கேட்டால்கூட இரண்டு முறை நடக்க வேண்டும். அந்தச் சலிப்பில் இருந்தபோதுதான் மற்றொரு வங்கியின் ஆர்.எம். (வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்') பட்டறைக்கே வந்தார். மாதச் சராசரி இருப்பு இருபத்தைந்தாயிரம் போதும், ஸ்வைப் மெஷினுக்கு வாடகை கிடையாது, பழைய கணக்கிலிருந்து போகும் தவணைகளையெல்லாம் எங்கள் ஆட்களே மாற்றித் தருவார்கள், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றார். கணக்குத் தொடங்கும் படிவங்களில் ஏழெட்டு இடங்களில் கையெழுத்திட்டபோது, பழைய வங்கிக்கு எழுதப்பட்ட மூடல் கடிதம் ஒன்றும் தேதி இடப்படாமல் அவற்றோடு இருந்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் மூட வேண்டும், வெளியே கொடுத்த காசோலைகள் இருக்கின்றன என்று நான் வாயால் சொன்னேன். அவரும் சரியென்று தலையசைத்தார். கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மீதமிருந்த காசோலைத் தாள்களையும் கடிதத்தோடு இணைக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்.

எல்லாத் துன்பமும் அந்த ஒரு கையெழுத்திலிருந்துதான் தொடங்கியது. இரண்டு மாதம் காத்திருக்க வேண்டிய கடிதத்தை அவர் ஒரே வாரத்தில், பிப்ரவரி 21-ஆம் தேதியிட்டு, பழைய வங்கியில் கொடுத்திருக்கிறார். பதினேழு ஆண்டு வாடிக்கையாளரின் கணக்கை மூடுமாறு வேறு ஒருவர் கடிதம் கொண்டுவந்து தருகிறாரே என்று பழைய வங்கியிலும் யாரும் எனக்கு ஒரு போன் செய்து கேட்கவில்லை. பயன்படுத்தாத காசோலைத் தாள்கள் திரும்ப வந்தனவா என்று எண்ணிப் பார்த்தவர்கள், பயன்படுத்தி வெளியே கொடுத்தவை எத்தனை நிலுவையில் இருக்கின்றன என்று கேட்கவில்லை. மூடல் படிவத்தில் அப்படி ஒரு கேள்வியே இல்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் காப்பர் ஒயர் முப்பது நாள் கடனுக்கு வாங்குவதும், அதற்குப் பின்தேதியிட்ட காசோலை கொடுப்பதும் வழக்கம். அப்படி மூன்று காசோலைகள் வெளியே இருந்தன. அவற்றில் பெரியது 1,84,000 ரூபாய்க்கானது. பிப்ரவரி 28-ஆம் தேதி போட்ட அந்தக் காசோலை 'கணக்கு மூடப்பட்டது' என்ற காரணத்துடன் திரும்பியது. கணக்கில் பணம் போதவில்லை என்று திரும்பியிருந்தால்கூட, ஏதோ தாமதம் என்று சரக்கு கொடுத்தவர் நினைத்திருக்கலாம். கணக்கையே மூடிவிட்டான் என்றால் அதை வாங்குபவர் எப்படி எடுத்துக்கொள்வார்? என்னை அழைத்துக் கேட்பதற்கே அவருக்கு மனம் வரவில்லை என்று பின்னர் சொன்னார். நேரே வக்கீலிடம் போய்விட்டார்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நோட்டீஸ் வரும்வரை எனக்கும் இது தெரியாது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு, கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்புவதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கணக்கை மூடியதால் திரும்பினால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். அதுவும் இதே பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே தீர்ப்பளித்துவிட்டது. திரும்பிய தகவல் கிடைத்த முப்பது நாட்களுக்குள் காசோலையை வைத்திருப்பவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் காசோலை கொடுத்தவர் பணத்தைச் செலுத்திவிட்டால் வழக்குக்கு இடமில்லை. நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே புதிய கணக்கிலிருந்து முழுத் தொகையையும் நெஃப்ட் (வங்கிகளுக்கிடையே மின்னணு வழியில் பணம் அனுப்பும் முறை) மூலம் அனுப்பிவிட்டு, ரசீதோடு சரக்கு கொடுத்தவரின் குடோனுக்கு நேரில் போனேன். மற்ற இரண்டு காசோலைகளுக்கு உரியவர்களிடமும் அன்றே ஓடிப்போய்ப் பணமாகக் கொடுத்துத் தாள்களைத் திரும்ப வாங்கினேன். அந்த நோட்டீஸ் நான் ஊரில் இல்லாத வாரத்தில் வந்து மேசையில் கிடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உறக்கம் கெடுகிறது.

அடுத்தது தவணை. காயில் சுற்றும் இயந்திரத்துக்காக ஒரு நிதி நிறுவனத்தில் வாங்கிய கடனுக்கு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி நாச் முறையில் பழைய கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டு வந்தது. நாச் என்பது தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நடத்தும் ஏற்பாடு. நாம் கொடுக்கும் ஒப்புதல் குறிப்பிட்ட வங்கியின் குறிப்பிட்ட கணக்கு எண்ணுக்கு மட்டுமே செல்லும். வங்கி மாறினால் அது தானாக நம்மோடு வராது. கடன் கொடுத்த நிறுவனத்திடம் புதிய ஒப்புதல் படிவம் கொடுத்து, அது புதிய வங்கியால் ஏற்கப்பட்டு, பதிவான பிறகுதான் புதிய கணக்கிலிருந்து தவணை போகும். எனவே 'நாங்களே மாற்றித் தருவோம்' என்று புதிய வங்கியின் ஊழியர் சொல்வதில் பொருளே இல்லை, அது அவர் கையில் இருக்கும் வேலையே அல்ல. மார்ச் மாதத் தவணை திரும்பியது. திரும்பியதற்கான கட்டணம் 500 ரூபாயும் அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 590 ரூபாய். மறுபடி முயன்று மறுபடி திரும்பியதற்கு இன்னொரு 590. தொகை பெரிதல்ல. ஆனால் பத்தொன்பது நாள் தாமதம் என்று என் கடன் வரலாற்றில் பதிந்துவிட்டது. சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களிடம் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம் என்பதால் வாங்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வரவேண்டிய பணமும் இப்படியே ஆயிற்று. மூடிய கணக்குக்கு நெஃப்ட் மூலம் வரும் தொகையை, அது சேர்ந்து வந்த பரிமாற்றத் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்பியவர் கணக்குக்கே வங்கி திருப்பிவிட வேண்டும் என்பது விதி. விதி நல்லதுதான். ஆனால் பொள்ளாச்சியில் இருக்கும் ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவு 62,300 ரூபாயை எனக்கு அனுப்பிவிட்டதாகக் குறித்துக்கொண்டது. அது திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை. நான் கேட்டபோதெல்லாம் அனுப்பியாகிவிட்டது என்றே பதில் வந்தது. அந்தப் பணம் கைக்கு வர ஆறு வாரம் ஆனது. கடையில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையும் பழைய கணக்கோடு இணைந்தது என்பதால் இரண்டு நாட்கள் யாராலும் அதில் பணம் செலுத்த முடியவில்லை. இதைவிட மோசமானது பழைய வங்கியின் ஸ்வைப் மெஷின். கணக்கை மூடியவர்கள் மெஷினை நிறுத்தவில்லை, ஏனென்றால் அதற்கான ஒப்பந்தம் தனியாம். மூடிய பிறகும் அது அட்டைகளை ஏற்றுக்கொண்டது. அந்த இரண்டு நாள் விற்பனை 11,460 ரூபாய், போய்ச்சேர கணக்கில்லாமல் வங்கிக்குள்ளேயே நாற்பத்தொரு நாள் கிடந்தது.

கணக்கு மூடிய அன்றே இணைய வங்கிச் சேவையும் அடைபட்டது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, அந்த ஆண்டின் வருடாந்திரக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாளிலிருந்து எழுபத்திரண்டு மாதம் வைத்திருக்க வேண்டும். எங்கள் தணிக்கையாளர் மூன்றாண்டு வங்கி விவரம் கேட்டபோது, கிளைக்குப் போய் மனு எழுதிக் கொடுத்துக் கட்டணமும் கட்டி அச்சுத் தாள்களாக வாங்க வேண்டியிருந்தது. மூடுவதற்கு முந்தைய நாள் வரை வீட்டில் உட்கார்ந்தபடியே இலவசமாக இறக்கிக்கொண்டிருக்கக் கூடியவை அவை.

புதிய வங்கியின் இருபத்தைந்தாயிரம் பேச்சும் பொய்யாயிற்று. நான் கையெழுத்திட்ட படிவத்தில் சராசரி இருப்பு ஒரு லட்சம் என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. குறைந்த மாதங்களுக்கு 1,500 ரூபாயும் வரியுமாக 1,770 எடுத்தார்கள். கேட்பதற்கு அழைத்தபோது அந்த ஆர்.எம். வேறு கிளைக்கு மாறிவிட்டார் என்றார்கள். அவர் சொன்னது எதுவும் எழுத்தில் இல்லை என்பதால் அவர்களிடம் வாதாட எனக்கு ஆதாரமும் இல்லை.

ஏப்ரலில் இரண்டு வங்கிகளுக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்தேன். ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டம் 2021 நவம்பர் 12 முதல் நடைமுறையில் இருந்தது. அதன்படி, வங்கிக்கு முதலில் எழுதி, முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி தராவிட்டாலோ, கட்டணம் ஏதுமின்றி இணையத்திலேயே புகாரளிக்கலாம். முப்பது நாள் கழித்து அப்படியே செய்தேன். குறைதீர்ப்பாளரிடம் புகார் பதிவானதும் அதுவரை வாய்திறக்காதவர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். புதிய வங்கி, இருப்புக் குறைவுக் கட்டணங்களையும் தவணை திரும்பியதற்கான கட்டணங்களையும் ஜூலையில் திருப்பித் தந்தது. பழைய வங்கி எதற்கும் பொறுப்பில்லை என்றே எழுதியது. என் கையெழுத்து சரியாக இருந்தது, எனவே மூடினோம் என்பது அவர்கள் பதில். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரை ஒரு முறை அழைத்துக் கேட்பது எந்த விதிக்கும் விரோதமானது அல்ல என்று நான் இன்றும் கருதுகிறேன்.

கைப்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி நம் நாட்டில் 2011-லேயே வந்துவிட்டது. வங்கிக் கணக்கு எண்ணுக்கும் அத்தகைய வசதி வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் அன்றைய துணை ஆளுநர் எஸ்.எஸ். முந்த்ரா 2017-இல் பேசினார். பிரிட்டனில் 2013 செப்டம்பர் முதல் ஏழு வேலை நாட்களில் கணக்கை மாற்றித் தரும் ஏற்பாடு இருக்கிறது; தவணைகள் எல்லாம் தாமே இடம்பெயர்கின்றன, பழைய கணக்குக்கு வரும் பணம் ஆண்டுக்கணக்கில் புதியதற்குத் திருப்பிவிடப்படுகிறது, மாற்றத்தில் தவறு நேர்ந்தால் அதனால் விழும் வட்டியையும் கட்டணத்தையும் வங்கியே ஈடுசெய்கிறது. நமக்கு அப்படியொன்று வரும்வரை முழுப் பொறுப்பும் கணக்கை வைத்திருப்பவர் தலையில்தான்.

ஆகவே மாற்றியே ஆக வேண்டும் என்பவர்கள், புதிய கணக்கைத் தொடங்கிய பிறகும் பழையதைக் குறைந்தபட்ச இருப்போடு சில மாதங்கள் உயிரோடு வைத்திருங்கள். காசோலை அதிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும் என்பதால், நீங்கள் கொடுத்த கடைசிக் காசோலையின் தேதியிலிருந்துதான் அந்தக் காலத்தைக் கணக்கிட வேண்டும். ஓராண்டு வங்கி விவரத்தை முன்னால் வைத்துக்கொண்டு எது எது எடுக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொரு முறை போகும் கடைக் காப்பீடு, எல்.ஐ.சி. பிரீமியம் போன்றவை ஒரு மாத விவரத்தில் அகப்படாது. புதிய கணக்கிலிருந்து ஒரு தவணையாவது போனதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை நிறுத்துங்கள். ஜி.எஸ்.டி. பதிவிலும் வங்கி விவரத்தை மாற்றுங்கள். ஆர்.எம். சொல்லும் ஒவ்வொரு சலுகையையும் வங்கியின் மின்னஞ்சலில் இருந்து எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தச் சலுகை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூடல் கடிதத்தை மட்டும் நீங்களே எழுதி, நீங்களே தேதியிட்டு, நீங்களே கிளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள்.

காப்பர் ஒயர் கொடுத்தவர் நோட்டீசை அப்போதே திரும்பப் பெற்றுக்கொண்டார். நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, 'பேங்குக்காரன் பண்ணுனதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க' என்று ஆறுதலாகவும் பேசினார். இன்றும் அவரிடம்தான் சரக்கு எடுக்கிறேன். ஆனால் முப்பது நாள் கடன் இப்போது இல்லை. பணம் அவர் கணக்கில் ஏறிய பிறகுதான் குடோனிலிருந்து வண்டி கிளம்புகிறது.